அடுத்தவரின் புத்தகப் பட்டியலை ரசிப்பது எப்படி?

ஜனவரி பிறந்தால் போதும், சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்னும் பின்னுமாகப் பட்டியல்கள் கிளம்பிவிடும். 'போன வருஷம் நான் படித்த ஐம்பது', 'தவறவிடக் கூடாத நூறு நாவல்கள்', 'இந்த முறை வாங்கியவை'. பலரும் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு அரங்கு அரங்காக ஏறி இறங்குவார்கள். கிடைத்ததை வாங்குவார்கள், கிடைக்காததை மறந்துவிடுவார்கள். அப்படிப் பயன்படுத்துவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ருசியறிந்த வாசகர் ஒருவர் போட்ட பட்டியலை அது மட்டுமாகக் கருதினால் நஷ்டம் நமக்குத்தான். அதையே ஒரு புத்தகம் மாதிரி உட்கார்ந்து படிக்கலாம். அதிலுள்ள பெயர்களைக் காட்டிலும் அந்தப் பெயர்களைச் சேர்த்த ஆள் சுவாரசியமானவர். எதற்கு மயங்குவார், எதைக் கண்டால் முகம் சுளிப்பார், எந்த வயதோடு புதிதாகப் படிப்பதை நிறுத்திக்கொண்டார் என்பதெல்லாம் வரிசையிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் பட்டியல் என்றதும் முதலில் நினைவுக்கு வருகிறவர் க.நா.சு. 1912இல் வலங்கைமானில் பிறந்து 1988இல் மறைந்தவர். எழுதினார், மொழிபெயர்த்தார், 'சூறாவளி', 'இலக்கிய வட்டம்' என்று பத்திரிகைகள் நடத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாகப் படித்தார். 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பு வைத்தே நூல்களை அறிமுகம் செய்தவர். இது நல்ல நாவல், இது இல்லை என்று சொல்லிவிடுவார். ஏன் என்று நீட்டி முழக்கமாட்டார். 'பட்டியல் போடுகிறவர்' என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து கைலாசபதி மார்க்சிய நோக்கில் நின்று கடுமையாகவே எதிர்த்தார். காரணம் சொல்லாத தீர்ப்பு எப்படி விமர்சனமாகும் என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் க.நா.சு. காரணமே சொல்லவில்லை என்று நான் நினைக்கவில்லை. அவர் தமிழுக்குக் கொண்டுவந்த அயல்நாட்டு நாவல்களில் மூன்றை எடுத்து மேசையில் வரிசையாக வையுங்கள். நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்பு வழி'. ஹாம்சன் நார்வேக்காரர், மற்ற இருவரும் ஸ்வீடன். மூவருமே நோபல் பரிசு பெற்றவர்கள் (லாகர்லெவ் 1909, ஹாம்சன் 1920, லாகர்குவிஸ்ட் 1951). உலக இலக்கியம் என்றாலே லண்டன் வழியாக வருவது என்றிருந்த காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாக்காரர் ஒருவரின் கண் ஐரோப்பாவின் வடகோடியில் போய் நிற்கிறது. ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யையும் அவர் மொழிபெயர்த்தார். அதை நான் வேறு கணக்கில் வைப்பேன். அதில் அரசியல் வேகம் அதிகம். இந்த மூன்றிலும் தெரிவது ஆசை.

என்ன ஆசை? 'நிலவளம்' நாவலில் ஐசக் என்றொருவன் மனித வாடையில்லாத காட்டுக்கு மூட்டையோடு போகிறான். நிலத்தைத் திருத்துகிறான், குடிசை போடுகிறான், ஒரு பெண் வந்து சேருகிறாள், பிறகு மெல்ல மெல்ல ஒரு ஊரே உருவாகிறது. 'மதகுரு'வின் நாயகன் குடியால் பதவியைத் தொலைத்த பாதிரி. 'அன்பு வழி' ஏசுவுக்குப் பதிலாக விடுதலையான பாரபாஸின் கதை. தனக்காக இன்னொருவன் சிலுவையில் செத்ததைப் பார்த்துவிட்டவனால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மூன்றும் ஒரு தனி மனிதனின் முழு வாழ்க்கை. அவன் உத்தமன் இல்லை. அவனுக்குப் பின்னால் கடவுள் என்ற கேள்வி சத்தமில்லாமல் நிற்கிறது.

இப்போது க.நா.சு. 1946இல் வெளியிட்ட 'பொய்த்தேவு' நாவலை எடுங்கள். சாத்தனூரில் ஒரு முரடனின் மகனாகப் பிறக்கிற சோமு, வியாபாரம் செய்து பணம் சேர்த்து முதலியாராக உயர்ந்து, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பண்டாரமாகப் போகிறான். அதே மனிதன், அதே கேள்வி, காவிரிக்கரை மண். மொழிபெயர்த்ததும் எழுதியதும் ஒரே தேடல் என்று தெரிந்த பிறகு, அவர் ஒரு நாவலை நல்லது என்றால் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு முழு ஆயுள் அதில் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். வாராவாரம் திருப்பம் வைத்து நகரும் தொடர்கதைகள்மேல் அவருக்கு மதிப்பு ஏன் வரவில்லை என்பதும் விளங்கிவிடும்.

பட்டியலைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஒரே ஆசை எந்தெந்தப் பெயர்களில் திரும்பத் திரும்ப ஒளிந்திருக்கிறது? போட்டவருக்கே அது தெரியாமலிருக்கலாம். எனக்குத் தெரிந்த வாசகர் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், தனக்குக் குறிப்பான ரசனை எதுவும் கிடையாது, கையில் கிடைத்ததைப் படிப்பேன் என்பார். அவருக்கு மிகப் பிடித்தவை என்று சொன்னவை: தாராசங்கர் பானர்ஜியின் 'ஆரோக்கிய நிகேதனம்', அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. வங்காளம், கோடம்பாக்கம், விருத்தாசலம் பக்கம், பழனி என்று இடத்தில் ஒற்றுமை இல்லை. காலத்திலும் இல்லை. தொழிலில் இருக்கிறது. முதலாவதில் நாடி பார்க்கும் வைத்தியம், இரண்டாவதில் சினிமாக் கம்பெனியின் அன்றாட அவஸ்தை, மூன்றாவதில் துணி வெளுப்பு, நாலாவதில் பிச்சையெடுக்க வைப்பதையே வியாபாரமாக நடத்துகிற குரூரம். ஒரு வேலை எப்படி நடக்கிறது, அதில் கூலி எப்படிக் கைமாறுகிறது என்று காட்டும் நாவல்களே அவருக்கு இனிக்கின்றன. இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலை, சுந்தர ராமசாமி மொழிபெயர்ப்பில், கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனில் அந்த நாவலைப் பற்றித்தான் பேசினார், அதுவும் மேஸ்திரிகளைப் பற்றி.

அடுத்து இலக்கு. வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று எண்ணிக்கை வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. ஐம்பது என்றால் வாரத்துக்கு ஒன்று. படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களைத் திரும்ப இழுத்துவர இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கைக்காகப் படித்தவரின் பட்டியலை மாத வாரியாகப் பாருங்கள், சிரிப்பு வரும். ஜனவரியில் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்தோடு கம்பீரமாக நிற்கும். ஜூன் வரை ஓரளவு கனமான நாவல்கள். அக்டோபர் தாண்டியதும் நூறு பக்கக் குறுநாவல்களும் கவிதைத் தொகுப்புகளும் வரிசை கட்டும். குறுநாவல்மேல் திடீர்க் காதல் வந்துவிட்டதாக அர்த்தமில்லை, கணக்கு முடிக்கிற அவசரம். ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல்கள் கொண்டது. அதைப் படித்து முடித்தவர் ஒன்று என்று எழுதுவாரா, 26 என்று எழுதுவாரா? எழுதுகிற எண்ணிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

என்னைக் கேட்டால், இலக்கை எண்ணாக வைக்காமல் ஊராக வைக்கச் சொல்வேன். உதாரணமாக, வரைபடத்தில் கோவில்பட்டியை நடுவில் வைத்து ஒரு சிறு வட்டம் போடுங்கள். இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், பக்கத்து ஊர்களில் பூமணியும் சோ. தர்மனும். நான்கு பேரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். அழகிரிசாமிக்கு 1970இல் 'அன்பளிப்பு' தொகுப்புக்காக, அதுவும் அவர் இறந்த பிறகு. கி.ரா.வுக்கு 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்', பூமணிக்கு 2014இல் 'அஞ்ஞாடி', தர்மனுக்கு 2019இல் 'சூல்'. ஒரு வறண்ட பூமிக்கு இத்தனை வெள்ளாமை.

இவர்களை ஒருவர் பின் ஒருவராகப் படித்தால் தனித்தனியாகப் படிக்கும்போது கண்ணில் படாத ஒன்று தெரியவரும். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' நாவலில் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டை எரித்து நிலமாக்குகிறார்கள். முப்பாட்டி மங்கத்தாயாரு அம்மாள் அதைக் கதையாகச் சொல்கிறாள். நிலம் கிடைத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கதை அது. அதே கரிசலைப் பூமணியின் 'பிறகு' (1979) காட்டும்போது நாம் திண்ணையில் இல்லை. தோல் தைத்துப் பிழைக்கிற அழகிரியின் குடிசையில் இருக்கிறோம். நிலம் யாருடையதோ. தர்மனின் 'சூல்' கண்மாய்க் கரையில் நிற்கிறது. மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவனுக்கு ஊர் கொடுத்த மரியாதையும், கண்மாய் சீரழிந்தபோது அந்த மரியாதைக்கு நேர்ந்ததும் அதில் வருகின்றன. அழகிரிசாமி நிலத்தைப் பற்றியே பேசமாட்டார், அந்த வீடுகளின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே மண், நாலு வாசல். இதற்கு ஏழெட்டுப் புத்தகம் போதும். ஐம்பது படித்தவரிடம் போய் எட்டு என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இனி, கருத்துகள். பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒற்றை வரிப் பாராட்டுகளையும் திட்டுகளையும் சொல்கிறேன். 'அருமை', 'மனதை உலுக்கியது', 'கீழே வைக்க முடியவில்லை', ஐந்துக்கு நாலு நட்சத்திரம். இவற்றைத் தைரியமாகத் தாண்டிப் போகலாம். கதைக்குள் இருக்கும் ஏதாவது ஒரு பொருளை விரல் நீட்டிக் காட்டுகிற கருத்துதான் உதவும்.

அசோகமித்திரனின் 'எலி' கதையைப் பற்றி மூன்று பேர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர், நடுத்தர வர்க்கத்தின் அவலத்தைச் சித்திரிக்கிறது என்கிறார். இன்னொருவர், ஆழ்ந்த மனிதநேயம் என்கிறார். மூன்றாமவர், 'அந்த வடையைக் கவனித்தீர்களா?' என்கிறார். நான் மூன்றாமவரோடு டீ குடிக்கப் போவேன்.

கதை ஒன்றுமில்லை. வீட்டில் எலித் தொல்லை. பொறியில் வைக்க ஏதாவது வேண்டுமே என்றால், அன்றைக்கு வீட்டில் எல்லாம் தீர்ந்துவிட்டது. கணேசன் வெளியே போய் ஒரு வடை வாங்கி வந்து பொறியில் மாட்டுகிறான். எலி விழுகிறது. காலையில் பொறியை எடுத்துப்போய்த் திறந்துவிடுகிறான். வெளியே வந்த எலியைப் பறவை கொத்திக்கொண்டு போகிறது. சாதாரணமாக எழுதுகிறவர் இங்கே முடித்திருப்பார். நமக்கும் ஒரு பரிதாபம் வந்து போயிருக்கும். அசோகமித்திரன் கணேசனைப் பொறிக்குள் ஒரு தடவை பார்க்க வைக்கிறார். வடை அப்படியே இருக்கிறது. எலி அதைத் தொடவேயில்லை.

எந்த ருசிக்காக அது மாட்டிக்கொண்டதோ அந்த ருசிகூட அதற்குக் கிடைக்கவில்லை. இதை ஆசிரியர் விளக்குவதில்லை. அழுத்தமான வார்த்தை எதுவும் போடுவதில்லை. முன்பக்கங்களில் வடை வாங்க அவன் பட்ட பாட்டையெல்லாம் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு வந்தது இதற்குத்தானா என்று அப்போதுதான் உறைக்கும். அந்த வடையைக் காட்டியவர் நமக்கு அசோகமித்திரனைப் படிக்கும் விதத்தையே காட்டிவிட்டார். அவர் கதைகளில் உணர்ச்சியைத் தேடக் கூடாது, சாமான்களைத் தேட வேண்டும். 'அவலம்' என்று சொன்னவரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை ஆயிரம் கதைகளுக்குத் தூக்கிப் போடலாம்.

சரி, யாருடைய பட்டியலை நம்புவது? நம் ரசனையோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறவரைத் தேடிப் பயனில்லை. அவர் நாம் ஏற்கெனவே படித்ததையே நமக்குச் சொல்வார். எப்போதும் பத்து நிமிஷம் முந்தி ஓடும் கடிகாரம் வீட்டில் இருந்தால் அதை வைத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கலாம், எவ்வளவு முந்துகிறது என்று தெரிந்திருந்தால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா லா.ச.ரா. பக்தை. சொல் நாதமாக ஒலிக்காவிட்டால் அது அவருக்கு எழுத்தே இல்லை. அசோகமித்திரனை 'ஆபீஸ் குறிப்பு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். அவர் அளவுகோலின்படி அது சரிதான். அவர் எந்தப் புத்தகத்தையாவது 'ஒரே வறட்சி' என்றால் நான் அன்றைக்கே வாங்கிவிடுவேன். இதுவரை ஏமாந்ததில்லை. அவருக்கும் எனக்கும் பொதுவாகப் பிடித்தவர் தி. ஜானகிராமன். அங்கே மட்டும் இருவர் கடிகாரமும் ஒரே மணி காட்டும்.

ஒரு புதிய பட்டியல்காரரைச் சோதிக்க, நீங்கள் இருவரும் படித்த இரண்டு மூன்று புத்தகங்களை எடுத்துக்கொண்டு, அவர் எங்கே உங்களிடமிருந்து விலகுகிறார் என்று பாருங்கள். விலகுகிற திசை புரிந்தால் அவர் உங்களுக்கு வேண்டியவர். புரியவே இல்லையென்றால், அல்லது எல்லாப் புத்தகத்தையும் ஒரே சுருதியில் புகழ்ந்தால், விட்டுவிடலாம். 'பொன்னியின் செல்வன்' முதலிடத்தில் இருக்கிறதே என்று இளக்காரமாக நினைக்கவும் வேண்டாம். 1950இலிருந்து 1954 வரை 'கல்கி'யில் வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறைகளின் ருசி அது. அத்தியாயத்தின் கடைசி வரியில் ஆளைப் பிடித்து நிறுத்தும் வித்தையைக் கல்கியிடம்தான் கற்க வேண்டும். கேட்க வேண்டியது, அதற்கப்புறம் என்ன படித்தார் என்பதை. சிலர் சாண்டில்யனுக்குப் போயிருப்பார்கள். சிலர் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' தேடிப் போயிருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படித்தார்கள் என்று சொல்ல முடியுமா?

இல்லாத பெயர்களையும் பார்க்க வேண்டும். ஆனால் பட்டியலின் தேதியைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள். 1985இல் போட்ட பட்டியலில் சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989) இருக்காது, பாமாவின் 'கருக்கு' (1992) இருக்காது. இன்றைக்குப் போட்ட நூறில் அவை இல்லையென்றால் காரணம் கேட்கலாம். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இலேயே வந்துவிட்டது, கிருத்திகாவின் 'வாஸவேச்வரம்' 1966இல். ஆர். சூடாமணி பல பத்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். ஈழத்திலிருந்து எஸ்.பொ., கே. டானியல் என்று எத்தனையோ பேர். ஒரு பட்டியலில் பெண்கள் இரண்டே பேர், இலங்கை ஒருவர் என்றால், அவர் யாரிடமிருந்து பட்டியல் வாங்கினார் என்று ஊகிக்கலாம். பட்டியல்கள் பெரும்பாலும் பட்டியல்களிலிருந்தே பிறக்கின்றன.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. பட்டியல் போடுகிறவர்கள் இரண்டாவது விதியோடு நின்றுவிடுகிறார்கள். வேறு யார் பட்டியலிலும் இல்லாத ஒரு புத்தகமாவது இருந்தால் அந்தப் பட்டியலுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். அதை அவர் தானே நூலக அலமாரியில் கண்டெடுத்திருப்பார்.

உங்களுக்கென்று ஒன்றைப் போட ஆரம்பித்தால் புத்தகத்தின் பெயருக்கு எதிரே நட்சத்திரம் போடாமல், மனதில் தங்கிய ஒரு பொருளையோ செயலையோ எழுதுங்கள். படித்த வருஷத்தையும் குறித்துவையுங்கள், பிறகு பயன்படும். ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலை இருபது வயதில் படித்தால் அப்புவின் பக்கம் நின்று, அம்மா இப்படிச் செய்யலாமா என்று தவிப்போம். ஐம்பதில் படித்தால் அப்பு சின்னப் பையனாகத் தெரிவான். எல்லாம் தெரிந்தும் அதே வீட்டில் பேசாமல் இருக்கிற தண்டபாணிமீதுதான் கண் போகும். இரண்டு குறிப்பையும் அடித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையதில் சில வரிகள், வம்புக்கு இழுக்க வசதியாக இருக்கட்டும்:

கு. அழகிரிசாமி, 'ராஜா வந்திருக்கிறார்' – பணக்காரப் பையனுக்கு மங்கம்மாள் கடைசியில் சொல்லும் பதில்.

தி. ஜானகிராமன், 'பாயசம்' – கல்யாண வீட்டில் அண்டாவைக் கவிழ்க்கும் கிழவரின் பலம். அவர் நாவல்களைவிடச் சிறுகதைகள் ஒரு படி மேலே என்று நான் சொல்வதற்கு இந்த ஒன்று போதும்.

அசோகமித்திரன், 'புலிக்கலைஞன்' – ஆள் இல்லை என்று திரும்பிவந்த கடிதம்.

தாராசங்கர் பானர்ஜி, 'ஆரோக்கிய நிகேதனம்' – ஊரார் சாவையெல்லாம் நாடியில் படித்த ஜீவன் மஷாய், தன் சாவையும் அதே நிதானத்தோடு கவனிப்பது.

சுந்தர ராமசாமி, 'ஜே.ஜே: சில குறிப்புகள்' – பாதி. எந்தப் பாதி என்று கேட்டால் நேரில் சொல்கிறேன்.

ஜானகிராமனின் 'மரப்பசு' இதில் இல்லை. மறந்துபோய் விடவில்லை.